காலாவதியான உண்மைகள்: குளத்தூரிலிருந்து கல்லூரிக்குப் போகும் வழி

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டத்துப் பிள்ளைக்குக் கல்லூரி தூரத்தில் இல்லை. கீரனூரில் திருச்சி பஸ் ஏறினால் அண்ணா பல்கலைக்கழகத்தின் திருச்சி வளாகம் மண்டையூர்ப் பக்கம் சாலையோரமாகவே வருகிறது. அதைத் தாண்டினால் பாரதிதாசன் பல்கலைக்கழகம். அதற்கும் வடக்கே துவாக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம். எதிர்த்திசையில் புதுக்கோட்டைக்குப் போனால் மாமன்னர் கல்லூரி, அரசு மகளிர் கல்லூரி, 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி, 2023 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரி. இசைக் கல்வெட்டுக்குப் பெயர்போன குடுமியான்மலையில் 2014 முதல் வேளாண் கல்லூரி. மானாவாரி நிலமும் ஏரிப் பாசனமும் கல் குவாரி வேலையுமாக வாழும் ஒரு வட்டாரத்துக்கு இத்தனை கல்லூரிகள் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

ஆனாலும் ஒவ்வொரு மே மாதமும், பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, இந்தக் கல்லூரிகளில் எதற்கும் போக முடியாது என்று முடிவு கட்டும் வீடுகள் இருக்கின்றன. பணம் ஒரு காரணம்தான். அதற்குச் சமமான இன்னொரு காரணம், சேர்க்கையைப் பற்றி ஊரில் உலவும் பேச்சு. "நீட் எழுதலையா, அப்புறம் நர்சிங் எப்படிக் கிடைக்கும்?" "கவுன்சலிங்குக்கு மெட்ராஸ் போகணும், யார் கூட்டிக்கிட்டுப் போறது?" "பதினொண்ணாவதுல மார்க் கம்மி, இனி எங்க?" இவற்றில் எதுவும் இன்றைக்கு உண்மையில்லை. ஆனால் யாரும் இட்டுக்கட்டிய பொய்களும் அல்ல இவை. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஒரு படிப்புக்கு உண்மையாக இருந்தவை, அல்லது உண்மையாகப் போகிறது என்று அரசே அறிவித்தவை. விதி மாறிவிட்டது. விதியைச் சொன்ன அண்ணனும் மாமாவும் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் சொல்லிவிட்டுப் போனது மட்டும் ஊரில் தங்கிவிட்டது. உயர்கல்வி பற்றிய தவறான எண்ணங்களில் பெரும்பகுதி இப்படிக் காலாவதியான உண்மைகள்தான் என்பது என் எண்ணம். பொய்யைப் பொய் என்று காட்டிவிடலாம். ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததை மறுப்பதுதான் கடினம், ஏனென்றால் சொல்பவர் தன் சொந்த அனுபவத்தைச் சொல்கிறார்.

பொறியியல் சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 1984 முதல் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வு இருந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணில் 200, நுழைவுத்தேர்வில் 100 என 300க்குக் கட்-ஆஃப் போட்டார்கள். பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு அளித்த அறிக்கைக்குப் பிறகு 2006இல் சட்டம் இயற்றி, 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அந்தத் தேர்வை நீக்கினார்கள். அதற்குப் பின் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. கலந்தாய்வும் அதேபோல் மாறியது. 1997 முதல் பல ஆண்டுகள் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வுக்கு நேரில் கிண்டிக்குப் போக வேண்டியிருந்தது. ராத்திரி பஸ், அதிகாலையில் அண்ணா பல்கலைக்கழக வாசல், பெரிய திரையில் ஒவ்வொன்றாகக் குறையும் இடங்கள், சில நிமிடங்களுக்குள் சொல்லியாக வேண்டிய முடிவு என்று அந்தத் தலைமுறை பட்ட பதற்றம் கொஞ்சமல்ல. 2018இல் எல்லாம் ஆன்லைனுக்குப் போனது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதை நடத்துகிறது. கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்காக மாவட்டந்தோறும் உதவி மையங்கள் இருக்கின்றன. ஆனால் மெட்ராஸ் பயணத்தின் பயம் மட்டும் இன்னும் சில வீடுகளில் பாக்கி இருக்கிறது.

பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் பற்றிய பயமும் அப்படி வந்ததுதான். 2017–18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தபோது இரண்டு ஆண்டு மதிப்பெண்ணையும் சேர்த்து 1,200க்குச் சான்றிதழ் என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே அதை மாற்றி, உயர்கல்விக்குப் பிளஸ் டூவின் 600 மட்டும் போதும் என்றார்கள். 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வையே நீக்கிவிட்டது. முதல் அறிவிப்பு ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. திருத்தம் அந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை. இதில் பெற்றோரைக் குறை சொல்லி என்ன பயன்? விதியை மாற்றும் அரசு, மாற்றத்தைச் சொல்வதிலும் அதே வேகம் காட்ட வேண்டும். கீரனூரில் இருக்கும் குளத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஜூன் மாதத்தில் சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் அலையும் ஆயிரக்கணக்கானவர்களின் கண்ணில் படும்படி, இந்த ஆண்டு என்ன விதி என்று ஒரே ஒரு பலகை வைக்க ஆகும் செலவு மிகக் குறைவு.

ஒரு படிப்பின் விதியை எல்லாப் படிப்புக்கும் விரித்துப் பார்ப்பது இரண்டாவது வகை. நீட் அளவுக்கு இப்படி விரிந்த விதி வேறில்லை. 2017 முதல் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டுக்கும் மாநில ஒதுக்கீட்டிலும் நீட் கட்டாயமானது. சித்தா, ஆயுர்வேதா போன்ற இந்திய மருத்துவப் படிப்புகளுக்கும் அது தேவை. அதைப் பற்றிய செய்தியும் போராட்டமும் துயரமும் அவ்வளவு பெரிதாக இருந்ததால், உயிரியல் எடுத்த பிள்ளைக்கு நீட் இல்லாவிட்டால் எதிர்காலமே இல்லை என்ற எண்ணம் பதிந்துவிட்டது. உண்மையில் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். சேர்க்கை இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நடந்துவருகிறது. பி.எஸ்சி. வேளாண்மையும் அப்படித்தான். கால்நடை மருத்துவத்தில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும் நீட் பார்க்கிறார்கள். மாநில இடங்களுக்கு மதிப்பெண் போதும். நீட்டில் குறைந்த மதிப்பெண் வாங்கிவிட்டு இனி எதற்கும் விண்ணப்பிக்க வேண்டாம் என்று உட்கார்ந்துவிடும் ஒரு மாணவி, அதே பிளஸ் டூ மதிப்பெண்ணுடன் குடுமியான்மலை வேளாண் கல்லூரியில் சேரத் தகுதியுள்ளவளாக இருக்கலாம். குளத்தூரிலிருந்து பார்த்தால் அது பக்கத்து ஊர்.

சட்டப் படிப்பிலும் இதே குழப்பம் உண்டு. திருச்சியிலேயே இரண்டு வழிகள் இருக்கின்றன. நாவலூர் குட்டப்பட்டில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேரக் கிளாட் என்ற நுழைவுத்தேர்வை எழுத வேண்டும். திருச்சி அரசு சட்டக் கல்லூரியின் ஐந்தாண்டுப் படிப்புக்கு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் கொடுக்கிறது. கிளாட் என்ற பெயரையே கேள்விப்படாத பிள்ளை, கேள்விப்படாததாலேயே வக்கீல் படிப்பைக் கைவிட வேண்டியதில்லை. 2022இல் வந்த க்யூட் தேர்வும் அப்படியே. திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு அது வேண்டும். மாமன்னர் கல்லூரிக்கோ திருமயம், ஆலங்குடி அரசுக் கல்லூரிகளுக்கோ வேண்டாம்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வட்டாரப் பிள்ளைகளில் மிகப் பலருக்கு அதுதான் வாசல். 2019 வரை ஒவ்வொரு கல்லூரிக்கும் நேரில் போய் விண்ணப்பம் வாங்க வேண்டியிருந்தது. இப்போது ஒரே இணையதளம். விண்ணப்பக் கட்டணம் ஐம்பது ரூபாய்தான். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இரண்டு ரூபாய். இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமும் கிடையாது. மொத்த மதிப்பெண் குறைவு, ஆகவே இடம் கிடைக்காது என்று விட்டுவிடும் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒன்று: தமிழ் இலக்கியத்துக்குத் தரவரிசை தமிழ்ப் பாட மதிப்பெண்ணைப் பார்த்தும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணைப் பார்த்தும் போடப்படுகிறது. மற்றப் பாடங்களுக்கு மொழிப் பாடம் இரண்டையும் விட்டுவிட்டு நான்கு பாடங்களின் 400. கணிதத்தில் தடுமாறி மொத்தத்தில் கீழே விழுந்த மாணவன், தமிழில் 95 எடுத்திருந்தால் தமிழ்த் துறைக் கதவின் முன் முன்வரிசையில் நிற்கிறான்.

இட ஒதுக்கீட்டைப் பற்றிய தவறான எண்ணம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. 69 சதவீதத்தின் கணக்கு பலருக்கும் தெரியும்: பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியலினத்தவருக்கு அருந்ததியர் உள்ஒதுக்கீட்டையும் சேர்த்து 18, பழங்குடியினருக்கு 1. 1994இல் சட்டமாகி, 76ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் ஒன்பதாவது அட்டவணையின் பாதுகாப்பைப் பெற்றது அது. மீதி 31 சதவீதம் யாருக்கு என்று கேட்டால், படித்தவர்களே "முற்பட்ட சாதிக்கு" என்கிறார்கள். அது தவறு. அந்த 31 எல்லோருக்கும் பொது. தரவரிசையில் மேலே இருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவிக்கு முதலில் பொதுப் போட்டி இடம்தான் பார்க்கப்படுகிறது. அங்கே கிடைத்துவிட்டால் அவளுடைய வகுப்புக்கான 20 சதவீதத்தில் ஓரிடம் அடுத்தவருக்கு மிஞ்சும். இது புரியாத பிள்ளை, தனக்குரிய இடங்கள் குறைவு என்று தானே எல்லையைச் சுருக்கிக்கொள்கிறது. ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் மதிப்பெண் இல்லாதவர்கள் என்று விடுதி அறையில் யாரோ சொல்லும்போது பதில் சொல்லத் தெரியாமல் தலைகுனிவதும் இதனால்தான். தலைகுனிய எதுவுமே இல்லை.

7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இடம் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளிக்கு இது பொருந்தாது. ஆனால் மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2024 முதல் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் விரிந்தது. இரண்டையும் ஒன்றாக நினைத்து, ஒன்றில் இல்லை என்பதால் மற்றதையும் கேட்காமல் விடுபவர்கள் உண்டு. 7.5 சதவீதத்தில் பொறியியல் இடம் பெற்றவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், போக்குவரத்துக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று அறிவித்து நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள். கட்ட முடியாது என்ற பயத்தில் கிடைத்த இடத்தை விடுவது, இந்த வட்டாரத்தில் நடக்கவே கூடாத ஒன்று.

சாய்ஸ் ஃபில்லிங் எனப்படும் விருப்பப் பட்டியல் தயாரிப்பை அருகிலிருந்து பார்த்தால் நிலைமை நன்றாகப் புரியும். ஜூலையில் எந்தச் சிற்றூர் பிரௌசிங் சென்டரிலும் பார்க்கலாம். அப்பா பிளாஸ்டிக் கவரில் ஜெராக்ஸ்களோடு பின்னால் நிற்பார். பையன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பான். சென்டர்காரர் வேகமாக டைப் செய்தபடி, "பத்து காலேஜ் போட்டா போதும் தம்பி, இந்த கட்-ஆஃபுக்கு கிண்டியெல்லாம் எதுக்கு, வேஸ்ட்" என்பார். அவருக்குப் பின்னால் வரிசை நிற்கிறது, அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அந்த இரண்டு வாக்கியமும் அந்தப் பையனுக்கு நான்கு ஆண்டுகளைத் தீர்மானிக்கின்றன. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கிடைக்காத கல்லூரியை மேலே வைப்பதால் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது. கணினி மேலிருந்து கீழாகப் பார்த்து, அவனுடைய தரவரிசைக்குக் கிடைக்கும் முதல் இடத்தைத்தான் கொடுக்கும். எனவே ஆசைப்படும் வரிசையில் போடுவதே சரி. "கிடைக்கக்கூடியதை மேலே போடு" என்று சொல்பவர், தெரியாமலேயே அவனுக்குக் கெடுதல் செய்கிறார். ஒதுக்கீடு வந்த பிறகும் கதவு மூடுவதில்லை. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே இருப்பதற்குக் காத்திருக்கவும் ஒரு வழி உண்டு.

ரேண்டம் எண்ணையும் இங்கேயே சொல்லிவிடலாம். சமவாய்ப்பு எண் வெளியான அன்று பெரிய எண் வந்தவர் வீட்டில் சந்தோஷமும் சின்ன எண் வந்தவர் வீட்டில் கவலையும் பார்க்கிறோம். கட்-ஆஃப் சமமாகி, கணிதம், இயற்பியல் மதிப்பெண் முதல் பிறந்த தேதி வரை எல்லாமே சமமானால்தான் அந்த எண் பயன்படும். அந்த நிலைக்கு வருபவர்கள் மிகச் சிலர்.

போன ஆண்டு கட்-ஆஃபை இந்த ஆண்டு விதியாகக் கொள்வதும் தவறு. தேர்வு எளிதானால் அது ஏறும், கடினமானால் இறங்கும், ஒரு பாடப்பிரிவுக்கு மோகம் கூடினால் அதற்கு மட்டும் எகிறும். பாடப்பிரிவு மோகம் இன்னொரு பழைய கதை. தொண்ணூறுகளின் கடைசியில் எல்லோரும் கம்ப்யூட்டருக்கு ஓடினார்கள். 2001இல் அந்தத் துறை சரிந்தபோது எலெக்ட்ரிகலும் மெக்கானிக்கலும் மேலே வந்தன. பிறகு கட்டுமானத் துறை செழித்தபோது சிவில். இப்போது மறுபடியும் கம்ப்யூட்டர், அதிலும் செயற்கை நுண்ணறிவு என்று பெயர் வைத்த பிரிவுகள். சேரும் ஆண்டின் வேலைச் சந்தை வேறு, படிப்பு முடியும் ஆண்டின் வேலைச் சந்தை வேறு. குளத்தூர் வட்டத்தில் இருக்கும் மாத்தூர்த் தொழிற்பேட்டை திருவெறும்பூர் பெல் நிறுவனத்துக்காக இரும்பு வேலை செய்து வளர்ந்தது. வெல்டிங்கும் ஃபேப்ரிகேஷனும் தெரிந்த மெக்கானிக்கல்காரர்களை அங்கே அப்பாக்கள் தினமும் பார்க்கிறார்கள். ஆனாலும் மகனுக்கு மெக்கானிக்கல் வேண்டாம், "அதுல ஸ்கோப் இல்லை" என்கிறார்கள். ஸ்கோப் இல்லை என்று சொன்னவர் யார் என்று கேட்டால் வாட்ஸ்அப்.

பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக் போனால் பிறகு பி.இ. படிக்கவே முடியாது என்பதும் தவறு. டிப்ளமோ முடித்தவர் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பிளஸ் டூவில் ஒரு பாடம் போனால் ஒரு வருடம் போயிற்று என்பதும் பழைய கணக்கு. துணைத் தேர்வு எழுதித் தேறியவர்களுக்குத் துணைக் கலந்தாய்வு இருக்கிறது, அதே ஆண்டில். இதற்கு நேர்மாறாக, உண்மையிலேயே கவனமாக இருக்க வேண்டிய ஓரிடம் உண்டு. பிளஸ் டூ படிக்காமல் திறந்தவெளி முறையில் நேரடியாக வாங்கும் பட்டம் அரசு வேலைக்கு உதவாது. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை இருந்தால்தான் செல்லும் என்று 2009லேயே தமிழ்நாடு அரசு ஆணை போட்டுவிட்டது. அதே நேரம், பிளஸ் டூ முடித்துவிட்டு யூ.ஜி.சி. அனுமதித்த தொலைநிலைப் படிப்பில் வாங்கும் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம். "கரஸ்ல படிச்சா செல்லாது" என்ற பொதுப் பேச்சு, செல்லாததையும் செல்லுவதையும் ஒரே கூடையில் போடுகிறது.

இனி, யாருக்கோ லாபம் தரும் பயங்கள். ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் கிராமங்களுக்கு ஆள் வருகிறார்கள். "கவுன்சலிங்ல என்ன கிடைக்குமோ தெரியாது, இப்பவே அட்வான்ஸ் கட்டினா சீட் நிச்சயம்" என்பார்கள். சிலர் நர்சிங், லேப் டெக்னீஷியன் என்று சொல்லி, எந்தக் கவுன்சிலின் பட்டியலிலும் இல்லாத இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். அங்கே போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்காது என்பதை இந்த ஆட்கள் சொல்வதில்லை. 2010இல் தொடங்கிய அந்தச் சலுகை கலந்தாய்வு வழியாக வந்தவர்களுக்கு மட்டும். தனியார் கல்லூரியிலேயே அரசு ஒதுக்கீட்டு இடங்கள் இருக்கின்றன: சிறுபான்மையல்லாத கல்லூரியில் 65 சதவீதம், சிறுபான்மைக் கல்லூரியில் 50. அந்த இடத்துக்கு அரசுக் குழு நிர்ணயித்த கட்டணம்தான். ஏப்ரலில் பயந்து அட்வான்ஸ் கட்டியவர், ஜூலையில் அதே கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் சலுகையோடு கிடைத்திருக்கக்கூடிய இடத்தைத் தானே விட்டுவிடுகிறார்.

ஒருமுறை சேர்ந்துவிட்டால் சர்டிபிகேட் திரும்ப வராது என்ற பயமும் இவர்களுக்கு வசதி. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018இல் யூ.ஜி.சி. தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விலகினால் எந்தத் தேதிக்குள் எத்தனை சதவீதம் பணம் திரும்ப வர வேண்டும் என்றும் அட்டவணை போட்டிருக்கிறது. நடைமுறையில் மறுக்கும் கல்லூரிகள் இருக்கலாம். அப்போது எழுத்தில் கேட்பதற்கும் மேலே புகார் செய்வதற்கும் உரிமை இருக்கிறது என்று தெரிந்தவர் கேட்பார், தெரியாதவர் கெஞ்சுவார்.

பெண் பிள்ளைகளைப் பற்றிய எண்ணங்கள் இவை எல்லாவற்றையும்விடப் பழையவை. அவற்றை உடைத்த வரலாறும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி மெட்ரிகுலேஷன் தேறி மாமன்னர் கல்லூரியில் இடம் கேட்டபோது அது ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி. ஒரு பெண் வகுப்பில் உட்கார்ந்தால் பையன்களின் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்பு கிளம்பியது. அவருடைய தாயின் குலத்தைச் சொல்லியும் எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு இடம் கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் மருத்துவரானார். பின்னாளில் சென்னைச் சட்டமன்ற மேலவையில் அமர்ந்து தேவதாசி ஒழிப்புக்காகப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இன்னொரு அலை வந்தது. அறிவொளி இயக்கத்தில் புதுக்கோட்டையின் கிராமத்துப் பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள், கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். குவாரியில் கல் உடைத்த பெண்கள் கையெழுத்துப் போடத் தொடங்கிய காலம் அது. இன்றைக்குக் கல்லூரி வாசலில் நிற்கும் பிள்ளைகளில் பலருக்கு அந்தப் பெண்கள்தான் அம்மாவும் அப்பத்தாவும். அப்படிப்பட்ட ஊரில் "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு ஹாஸ்டல்" என்ற கேள்வி இன்னும் வருகிறது. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகள் நடத்தும் மாணவியர் விடுதிகளில் தங்கவும் சாப்பிடவும் கட்டணம் இல்லை. வீட்டுக்கும் கல்லூரிக்கும் எட்டு கிலோமீட்டர் இடைவெளி வேண்டும் என்ற விதியும் பெண்களுக்குப் பொருந்தாது.

கல்லூரிக்குள் போன பிறகு வேறு விதமான எண்ணங்கள் காத்திருக்கின்றன. தமிழ்வழி படித்த பிள்ளை முதல் ஆண்டில் ஆங்கிலப் பாடத்தைக் கேட்டுத் திகைத்து, "எனக்கு மண்டையில ஏறாது" என்று முடிவு செய்கிறது. அந்தச் சிரமம் உண்மை. அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது மொழியின் சிரமம், அறிவின் சிரமம் அல்ல. பாடச் சொற்கள் ஒரு சில நூறுதான் திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டாம் பருவத்துக்குள் அவை பழகிவிடும். அதுவரை யாராவது தமிழில் விளக்கினால் போதும். பல அரசுக் கல்லூரிப் பேராசிரியர்கள் அதைச் செய்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010இலேயே சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழ்வழி படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமையும் அதே ஆண்டில் சட்டமானது. தமிழில் படித்ததை மறைக்கும் பிள்ளை, தனக்குச் சாதகமான ஒன்றை மறைக்கிறது.

"காலேஜ்ல யாரும் கேக்க மாட்டாங்க" என்ற நம்பிக்கையில் வகுப்புக்குப் போகாமல், 75 சதவீத வருகை இல்லாததால் தேர்வு எழுத முடியாமல் நிற்பவர்கள் உண்டு. மறுபக்கம், முதல் பருவத்தில் ஒரு அரியர் விழுந்ததும் படிப்பே முடிந்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்துவிடுபவர்களும் உண்டு. அரியரை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்துவிட்டவரைத் திருப்பி அனுப்புவது கடினம். பகடிவதையைச் "சீனியர்னா அப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்ளச் சொல்லும் பெரியவர்களுக்கு 1996 நினைவிருக்க வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன். நாவரசு அந்த ஆண்டில்தான் கொல்லப்பட்டார். அதற்கு அடுத்த ஆண்டு தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம் இயற்றியது. 1800-180-5522 என்ற எண் நாடு முழுவதற்குமான உதவி எண். பிள்ளையின் போனில் அம்மாவின் எண்ணுக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயதுக்குட்பட்டவர்களில் உயர்கல்வியில் சேர்ந்தவர்கள் 47 சதவீதம் என்கிறது 2021–22ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பு. இந்திய அளவு 28.4. பெருமைப்படத்தக்க எண்தான். ஆனால் நூற்றில் மீதி 53 பேர் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரைப் பணம் தடுத்தது, எத்தனை பேரைப் பேச்சு தடுத்தது என்பதை எந்தக் கணக்கெடுப்பும் சொல்வதில்லை.

அந்தப் பேச்சுகளில் ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. குடும்பத்தில் ஒருவர் முதல் பட்டதாரிச் சலுகை வாங்கிவிட்டால் அடுத்தவருக்கு அது கிடையாது. இது சரியான தகவல். "மூத்தவனுக்கு வாங்கியாச்சு, சின்னவளுக்கு இனி ஒண்ணும் இல்லை" என்று அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு அண்ணன் பட்டம் வாங்கியது தடையில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அவள் எங்கே படித்தாள் என்பதுதான் கேள்வி. பணமும் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வருகிறது. 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கும் அண்ணன் தடையில்லை. பட்டியலின, பழங்குடிக் குடும்பமாக இருந்து ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு இருவருமே விண்ணப்பிக்கலாம். அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணமே இல்லாதபோது முதல் பட்டதாரியா இரண்டாம் பட்டதாரியா என்ற கேள்வியே எழுவதில்லை. அரசுக் கல்லூரி மாணவிக்குப் பஸ் பாஸும் இலவசம். கீரனூரிலிருந்து புதுக்கோட்டைக்குக் காலையில் பஸ் இருக்கிறது, ரயிலும் இருக்கிறது.